வில்ட்ஷயர் மேகசின்: 1854 முதல் ஒரு மாவட்டத்தின் மண்ணையும் பறவைகளையும் எழுதிவரும் இதழ்

நான் ஸ்விண்டனில் கட்டுமான வேலைகளுக்கு நிலம் அளந்து கொடுக்கும் சர்வேயர். சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். தென் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில் குடியேறிய பிறகு நான் காசு கொடுத்து வாங்கியவற்றில், நாலு பேரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது ஒன்றுதான். அது ஒரு இதழ். 'வில்ட்ஷயர் ஆர்க்கியலாஜிக்கல் அண்ட் நேச்சுரல் ஹிஸ்டரி மேகசின்' என்பது அதன் முழுப் பெயர். இங்கே உள்ளவர்கள் சுருக்கமாக 'வாம்' என்பார்கள். டிவைசஸ் என்ற சின்னச் சந்தை ஊரில் 1853இல் தொடங்கிய ஒரு உள்ளூர்ச் சங்கம் இதை நடத்துகிறது. முதல் தொகுதி 1854இல் வந்தது. நூறாவது தொகுதி 2007இல் வந்தது. இரண்டு உலகப்போர்களின்போதும் நிற்கவில்லை. இப்போது ஆண்டுக்கு ஒரு தொகுதி வருகிறது.

மேகசின் என்றதும் வழவழத் தாளில் வண்ணப்படத்தோடு வரும் பத்திரிகையை நினைக்க வேண்டாம். கனமான புத்தகம் இது. நீளமான அகழாய்வு அறிக்கைகள், வரலாற்றுக் கட்டுரைகள், ஒன்றிரண்டு பக்கத்தில் முடியும் குறிப்புகள், நூல் மதிப்புரைகள், மறைந்த உறுப்பினர்களைப் பற்றிய இரங்கல் குறிப்புகள் என்று இருக்கும். கடைசிப் பகுதியில் அந்த ஆண்டு மாவட்டத்தில் எங்கெங்கே மண்ணைத் தோண்டினார்கள், என்ன கிடைத்தது என்று ஊர்ப் பெயர் அகரவரிசையில் ஒரு பட்டியல். பொட்டலத்தைப் பிரித்ததும் நான் முதலில் திருப்புவது அந்தப் பட்டியலைத்தான்.

அதற்குக் காரணம் என் தொழில். இங்கிலாந்தில் 1990க்குப் பிறகு, தொல்பொருள் இருக்க வாய்ப்புள்ள இடத்தில் வீடு கட்டவோ சாலை போடவோ போகிறவர், கட்டுவதற்கு முன் தொல்லியல் ஆட்களை வைத்து ஆராய்ந்து பார்க்க வேண்டும். செலவும் அவருடையது. அவர்கள் ஜேசிபி வைத்து மேல்மண்ணை மட்டும் வழித்தெடுத்து, நீளநீளமாகச் சோதனைக் குழி போடுவார்கள். அந்தக் குழிகளின் மூலைகளுக்கு ஆயத்தொலைவு எடுத்துத் தருவது பல நேரம் என் வேலை. நான் முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில் இந்த ஆட்களைப் பார்த்தாலே மேலாளருக்கு முகம் சுருங்கும். "எப்போது முடிப்பீர்கள், எப்போது மூடுவீர்கள்" என்பதைத் தவிர அவர்களிடம் வேறு பேச்சே கிடையாது. குழியில் ஒரு பழைய அகழியின் கருப்பு மண் வளைந்து போவது தெரியும், ஓரத்தில் பானை ஓடு தெரியும், இரண்டு வாரத்தில் எல்லாம் கான்கிரீட்டுக்கு அடியில் போய்விடும். அறிக்கை எழுதுவார்கள்தான். ஆனால் அது திட்ட அனுமதிக் கோப்பில் சேர்ந்துவிடும். யார் தேடிப் படிக்கிறார்கள்?

அப்படி நான் அளந்த ஒரு இடம் பிறகு வாம் பட்டியலில் வந்தது. வெறும் ஒரு பத்தி. எந்த வயல், என்ன அகழி, எந்தக் காலத்து ஓடு, பொருள்கள் எங்கே போய்ச் சேரும் என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான், ஆனால் அச்சில் இருக்கிறது. நூறு வருஷம் கழித்து அந்தப் பக்கத்து வயலைத் தோண்டப் போகிறவருக்கு அது கிடைக்கும். நான் இந்த இதழை மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான். பெரிதாக எதுவும் கிடைக்காத இடத்துக்கும் இதில் ஒரு பத்தி உண்டு.

சங்கம் தொடங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜான் பிரிட்டன் என்பவர் கிங்டன் செயிண்ட் மைக்கேல் என்ற ஊரில் எளிய குடும்பத்தில் பிறந்து, பழங்கட்டடங்களைப் பற்றி எழுதியே பேர் வாங்கியவர். வயதான காலத்தில் தான் சேர்த்திருந்த வில்ட்ஷயர் நூல்களையும் வரைபடங்களையும் விற்க முன்வந்தார். அந்தச் சேகரிப்பு வெளியே போய்விடக் கூடாது என்று உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து வாங்கினார்கள். அதை வைக்க ஒரு இடம் வேண்டும், பார்த்துக்கொள்ள ஒரு அமைப்பு வேண்டும் என்று பேச்சு வளர்ந்து சங்கம் பிறந்தது. முதல் தலைவர் ஜார்ஜ் போலட் ஸ்க்ரோப், எரிமலைகளை ஆராய்ந்த நிலவியலாளர், நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. எரிமலைக்காரர் தலைவராக இருந்ததாலோ என்னவோ, மண்ணுக்கு மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒரே இதழில் வர வேண்டும் என்பதில் தொடக்கத்திலேயே யாருக்கும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

இதை நன்றாகக் காட்டும் ஆள், யேட்ஸ்பரி ஊரின் பாதிரியாராக இருந்த ஏ. சி. ஸ்மித். ஆரம்பத் தொகுதிகளில் வில்ட்ஷயர் பறவைகளைப் பற்றித் தொடராக எழுதியவர் அவர். அந்தக் கட்டுரைகளிலிருந்து வளர்ந்த பறவை நூல் 1887இல் வந்தது. அதே மனிதர்தான், பழைய பெரிய கல்வட்டம் இருக்கும் ஏவ்பரி ஊரைச் சுற்றி நூறு சதுர மைல் நிலத்தில் இருக்கும் புதைமேடுகள், கரைகள், பழஞ்சாலைகள் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்து 1884இல் வெளியிட்டார். நூறு சதுர மைல் என்பது, நடந்தும் குதிரையிலும் போகவேண்டிய காலத்தில், என்ன உழைப்பு என்று என் போன்ற தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு மேட்டைத் தேடிப் போகிறவர் கண்ணில் வழியில் பறவையும் படத்தான் செய்யும். ஸ்மித் இரண்டையும் எழுதி வைத்தார்.

சாலிஸ்பரி சமவெளியில் ஒரு காலத்தில் பெரிய பஸ்டர்ட் பறவைகள் இருந்தன. நம் கானமயிலின் உறவு, அதைவிடக் கனமானது. சுட்டும் முட்டை எடுத்தும் புல்வெளியை உழுதும் 1830களுக்குள் பிரிட்டனில் அதன் இனப்பெருக்கம் முடிந்துபோனது. 2004இல் ரஷ்யாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இதே சமவெளியில் மறுபடி விட்டார்கள். 2009இல் இங்கேயே குஞ்சு பொரித்தது. ஸ்மித் போன்றவர்கள் எழுதிவைத்த பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு அந்தச் சமவெளியில் போய் நின்றால், பறவை கண்ணில் பட்டாலும் படாவிட்டாலும் அந்த நிலத்தைப் பார்க்கிற பார்வை மாறிவிடுகிறது. தார் பாலைவனத்தில் நம் கானமயில் நூறு, நூற்றைம்பது என்று சுருங்கிக் கிடக்கிறதே என்கிற கவலையும் கூடவே வரும்.

செடிகொடிகளுக்கும் இதே கவனிப்பு இருந்தது. டி. பி. ஃபிளவர் என்ற மருத்துவர் வில்ட்ஷயரின் தாவரங்களை இந்த இதழில் பல ஆண்டுகள் தொடராகப் பட்டியலிட்டார். எந்தச் செடி எந்த ஊர் வேலியோரம் கிடைத்தது என்பதுவரை எழுதியிருப்பார். 1957இல் டொனால்ட் குரோஸ் எழுதிய பெரிய தாவர நூலையும் இந்தச் சங்கமேதான் வெளியிட்டது.

ஆனால் இயற்கைப் பகுதி பிற்காலத்தில் மெலிந்துபோனது. இதைச் சொல்லாமல் விடமுடியாது. 1970களில் சில ஆண்டுகள் இதழை இயற்கைக்கு ஒன்று, தொல்லியலுக்கு ஒன்று என்று இரண்டு பகுதிகளாகப் பிரித்தும் பார்த்தார்கள். பிறகு மறுபடி சேர்த்தார்கள். இன்றைய தொகுதிகளில் பெயரில் இயற்கை இருக்கிற அளவுக்கு உள்ளே இல்லை. ஒரு தொகுதியில் வண்ணத்துப்பூச்சியைப் பற்றியோ ஒரு ஓடையைப் பற்றியோ நல்ல கட்டுரை ஒன்று வந்தால், அடுத்த தொகுதி முழுக்க ஓடும் எலும்பும்தான். பறவைக்காரர்களுக்கும் தாவரக்காரர்களுக்கும் இப்போது தனித்தனிச் சங்கங்களும் இதழ்களும் இருக்கின்றன. காரணம் புரிகிறது. இருந்தாலும் எனக்கு இது இழப்பாகவே படுகிறது. இந்த ஊர்ப் புதைமேடுகள் பலவற்றின் மேல் உழாத பழைய புல் இன்னும் இருக்கிறது. அங்கே வளரும் பூவும் அந்த மேட்டைப் பற்றிய தகவல்தானே. அதை ஒரே கட்டுரையில் எழுத ஆள் வேண்டும், அதைக் கேட்டு வாங்கும் ஆசிரியர் குழுவும் வேண்டும்.

சரி, இனி தொல்லியல். இதில்தான் இதழின் உயிர் இருக்கிறது. நிறையச் சொல்லலாம், ஆனால் எனக்கு மிகப் பிடித்த ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மோட் கன்னிங்டன். டிவைசஸில் வாழ்ந்தவர். அவர் கணவர் பென், சங்கத்து அருங்காட்சியகத்தைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டவர். பென்னின் முன்னோரான வில்லியம் கன்னிங்டன், 1800களின் தொடக்கத்தில் ஸ்டோன்ஹெஞ்சைச் சுற்றிய மேடுகளைத் திறந்த கம்பளி வணிகர். 1808இல் புஷ் பேரோ மேட்டிலிருந்து தங்கத் தகட்டை எடுத்ததும் அவருடைய ஆட்கள்தான். மோட் படித்துப் பட்டம் வாங்கிய தொல்லியலாளர் கிடையாது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர். ஆனால் கையில் எடுத்த இடத்தைத் தோண்டி, உடனே எழுதி, அச்சில் போட்டுவிடுவார். தோண்டிவிட்டு எழுதாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் அந்த ஒரு குணத்தின் அருமை தெரியும்.

1908, 1909இல் அவர் நாப் ஹில் என்ற குன்றின் உச்சியில் உள்ள பழைய அகழியை ஆராய்ந்தார். அகழி தொடர்ச்சியாக இல்லை. கொஞ்சதூரம் வெட்டி, நடுவே மண்ணை அப்படியே விட்டு, மறுபடி வெட்டி என்று துண்டு துண்டாக இருந்தது. பாதுகாப்புக்கான அகழி என்றால் இப்படி வழிவிட்டு வெட்ட எந்த அர்த்தமும் இல்லை. வேலை பாதியில் நின்றதால் இப்படியோ என்று சந்தேகம் வரும். மோட் அந்த இடைவெளிகளைச் சோதித்துப் பார்த்து, இவை வேண்டுமென்றே விடப்பட்டவை என்று 37ஆம் தொகுதியில் எழுதினார். ஏன் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் கண்டதை அளவோடு எழுதிவிட்டார். 1920களில் பக்கத்திலேயே விண்ட்மில் ஹில்லில் அலெக்சாண்டர் கெய்லர் தோண்டியபோது அதே வகை அகழி வந்தது. பிறகுதான் பிரிட்டன் முழுக்க இப்படிப்பட்ட புதிய கற்காலக் கூடுமிடங்கள் இருப்பது புரிந்தது. அவை ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. அந்த வகை இடத்தில் இடைவெளிகள் வேண்டுமென்றே விடப்பட்டவை என்று முதலில் கண்டு எழுதியவர் அவர்.

அடுத்தது 45ஆம் தொகுதி, 1931. ஓவர்டன் குன்றில் 'சாங்ச்சுவரி' என்ற கல்வட்டம் இருந்தது. 1720களில் வில்லியம் ஸ்டூக்லி என்ற பழம்பொருள் ஆய்வாளர் அதை வரைந்து வைத்தார். அவர் கண் முன்னாலேயே உள்ளூர் விவசாயிகள் நிலத்துக்காகக் கற்களைப் பெயர்த்து உடைத்தார்கள். அதற்குப் பிறகு இருநூறு வருஷம் அது எங்கே இருந்தது என்றுகூட யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. 1930இல் மோட் ஸ்டூக்லியின் குறிப்புகளை வைத்துக்கொண்டு தேடி, கல் நின்ற குழிகளைக் கண்டுபிடித்தார். வெளிவட்டத்தில் 42 கற்கள். உள்ளே ஸ்டூக்லிக்குக்கூடத் தெரியாத ஒன்று இருந்தது. கற்களுக்கும் முன்பே வட்ட வட்டமாக மரத்தூண்கள் நட்ட குழிகள். அந்தக் கட்டுரையில் ஒவ்வொரு குழிக்கும் ஆழம், அகலம், உள்ளே என்ன இருந்தது என்று அட்டவணை இருக்கிறது. நில அளவைக்காரராக நான் அதை வரிவரியாக ரசித்துப் படித்தேன். இந்தக் குழி கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, இதில் கரி இருந்தது, இதில் ஒன்றும் இல்லை என்று நிதானமாகப் போகும் எழுத்து. உணர்ச்சி வசப்பட்டு ஒரு வரி கிடையாது. கன்னிங்டன் தம்பதியர் அந்த நிலத்தை வாங்கி நாட்டுக்கே கொடுத்துவிட்டார்கள். அவர்கள் தோண்டிய உட்ஹெஞ்ச் என்ற மரத்தூண் வட்டத்துக்கும் அப்படியே செய்தார்கள். முதல் உலகப்போரில் ஒரே மகனைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். அதற்குப் பிறகும் இத்தனை வேலை. 1931இல் மோட் இந்தச் சங்கத்தின் தலைவரானார், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண்.

இன்று சாங்ச்சுவரிக்குப் போனால் கல்லும் மரமும் நின்ற இடங்களில் சின்னச் சின்ன கான்கிரீட் கட்டைகள்தான் இருக்கும். பார்க்க வருபவர்கள் பலர் ஒன்றும் புரியாமல் இரண்டு நிமிஷத்தில் திரும்பிவிடுவார்கள். 45ஆம் தொகுதியின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. ஸ்விண்டனிலிருந்து டிவைசஸ் போகும் 49ஆம் எண் பேருந்து ஏவ்பரியில் நிற்கும், அங்கிருந்து நடந்தே வந்துவிடலாம்.

தமிழ் வாசகர்களுக்கு ஆர்வமூட்டும் இன்னொன்று சில்பரி மேட்டு விவகாரம். ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய தொல்பழங்காலச் செயற்கை மேடு அது. ஜேம்ஸ் ஃபெர்குசன் என்ற பெயரை நம்மில் சிலர் கேள்விப்பட்டிருப்போம். கல்கத்தாவில் அவுரி வியாபாரம் செய்துவிட்டு, இந்தியா முழுக்கச் சுற்றி, நம் கோயில்களையும் சேர்த்து இந்தியக் கட்டடக்கலைக்கு முதல் பெரிய வரலாற்றை எழுதியவர். அவர் இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகு, ஏவ்பரியும் சில்பரியும் ரோமானியர் காலத்துக்குப் பிந்தியவை, ஆர்தர் மன்னனின் போர்களோடு தொடர்புடையவை என்று வாதாடினார். ரோமானியர் போட்ட நேர்ச்சாலை சில்பரி மேட்டுக்கு அடியிலேயே போகிறது என்பது அவருடைய ஒரு வாதம். சங்கத்துக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வார்த்தையால் சண்டை போடுவதோடு நிற்கவில்லை. 1867இல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மேட்டின் ஓரத்தில் தோண்டிப் பார்த்தார்கள். மேட்டுக்கு அடியில் சாலை இல்லை. சாலை அதன் தெற்கே விலகி வளைந்து போகிறது. அப்படியென்றால் சாலை போட வந்தபோது மேடு அங்கே இருந்திருக்கிறது. விஷயம் முடிந்தது. இன்றைய கணக்குப்படி அந்த மேடு ஏறத்தாழ 4,400 ஆண்டு பழையது. ஊர்ப் பெருமைக்காக வாதாடாமல் தோண்டிப் பார்த்த அந்தப் பழக்கத்தைப் படிக்கும்போது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. நம் பக்கம் ஒரு தாழிக்கு வயது சொல்வதிலேயே எத்தனை கத்தல் நடக்கிறது!

பழைய தொகுதிகளில் இருப்பது எல்லாமே தங்கம் என்று சொல்லமாட்டேன். டிவைசஸ் மனநல மருத்துவமனையின் தலைமை மருத்துவராக இருந்த ஜான் தர்னம், 1859இல் மேற்கு கென்னெட் நீள்மேட்டின் கல்லறையைத் திறந்தார். நீள மேட்டில் நீள மண்டை, வட்ட மேட்டில் வட்ட மண்டை என்று இனம் பிரித்துக் கோட்பாடு எழுதினார். மண்டை ஓட்டை அளந்து மனிதர்களை வரிசைப்படுத்தும் அந்தக் காலத்து வழக்கத்தை, அதே அளவுகோலால் நம் முன்னோரும் அளக்கப்பட்டார்கள் என்ற நினைவோடு படிக்கும்போது கசக்கிறது. ஆனால் அவர் எடுத்த எலும்புகளைப் பாதுகாத்தார்கள், எங்கே கிடைத்தன என்ற பதிவும் இருந்தது. இப்படி அங்கே கிடைத்த எலும்புகள் பத்திரமாக இருந்ததால்தான் 2000க்குப் பிறகு காலக்கணிப்பு செய்து, அங்கே முதலில் அடக்கம் செய்யப்பட்டவர்கள் எல்லாரும் கி.மு. 3650ஐ ஒட்டிய சில பத்தாண்டுகளுக்குள் உள்ளே வைக்கப்பட்டவர்கள் என்று சொல்ல முடிந்தது. ஆயிரம் ஆண்டு பயன்பட்ட கல்லறை என்று அதற்கு முன் நினைத்திருந்தார்கள்.

பிரபு குடும்பங்களின் வம்சாவளி, தேவாலயப் பித்தளைத் தகடுகள், குலச் சின்னங்கள் என்று பக்கம் பக்கமாக இருக்கும். அவற்றை நான் தள்ளிவிடுவேன்.

இதழைத் தாங்கிப் பிடித்தவர்களில் இன்னொருவர் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். இ. எச். காடர்ட், கிளிஃப் பைபர்ட் ஊரின் பாதிரியார். 1890இலிருந்து பல பத்தாண்டுகள் இதழின் ஆசிரியர். மாவட்டத்தின் தொல்லிடங்கள் எல்லாவற்றையும் பாரிஷ் என்ற ஊர்ப் பிரிவு வாரியாக அவர் பட்டியல் போட்டு 38ஆம் தொகுதியில் வெளியிட்டார். ஒவ்வொரு புதைமேட்டுக்கும் ஊர்ப் பெயரும் எண்ணும் கொடுக்கும் முறையை அவர் வகுக்க, பின்னால் எல். வி. கிரின்செல் என்ற தொல்லியலாளர் அதை விரிவாக்கினார். தங்கத் தகடு கிடைத்த புஷ் பேரோவை இன்றும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வில்ஸ்ஃபோர்ட் 5 என்று குறிப்பதைப் பார்க்கலாம். எண் போட்டு வைப்பது சின்ன வேலை மாதிரி தெரியும். நிலத்தில் நூற்றுக்கணக்கான மேடுகள், பாதி உழுது தட்டையாகிவிட்டவை, ஆளுக்கு ஒரு பெயர் சொல்லும்போது எண் இல்லாவிட்டால் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே தெரியாது. சித்தன்னவாசல் போகும் வழியில் இருக்கும் கல்வட்டங்களுக்கு இப்படி ஊர்வாரியாக ஒரு எண் இருந்து, அது எல்லாருக்கும் தெரிந்ததாகவும் இருந்தால் குவாரிக்காரர்களிடம் எவ்வளவு எளிதாகப் பேசலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

நம் பக்கத்தில் இதற்கு நெருக்கமானது என்றால் தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்'. 1991 முதல் வருகிறது. ஊர் ஊராகப் போய் ஆர்வலர்கள் படியெடுத்த கல்வெட்டுகளை அப்படியே அச்சில் ஏற்றும் அருமையான இதழ். அதையும் நான் தேடிப் படிக்கிறவன்தான். வாமில் எனக்குக் கூடுதலாகக் கிடைப்பது, ஒரே மாவட்டத்தை விட்டு வெளியே போகாத பிடிவாதம். பக்கத்து மாவட்டத்தில் என்னதான் பெரிய புதையல் கிடைத்தாலும் இதில் வராது. அதனால் இங்குள்ள சின்ன ஊரின் கிணற்றுக்குக்கூட இடம் கிடைக்கிறது.

இப்போது குறைகள். புதிதாக வருகிறவர்களுக்கு இந்த இதழ் கை கொடுத்து உதவாது. அறிக்கைகள் துறைக்காரர்களுக்கு என்றே எழுதப்பட்டவை. பானை ஓட்டின் வகை, எலும்பின் எடை, சூழல் எண்கள் (தோண்டும்போது ஒவ்வொரு மண்ணடுக்குக்கும் குழிக்கும் கொடுக்கும் எண்) என்று அட்டவணைகள் நிறைந்திருக்கும். கட்டுரையின் முதலில் உள்ள சுருக்கத்தையும் கடைசியில் உள்ள விவாதத்தையும் முதலில் படித்துவிட்டு, பிறகு நடுவே போவது நான் கண்ட வழி. ஒவ்வொரு தொகுதியின் முகப்பிலும் அந்தத் தொகுதியில் வரும் இடங்களையெல்லாம் குறித்த ஒரு பெரிய வரைபடம் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். வெளியூரிலிருந்து வந்து குடியேறிய என் போன்றவர்கள் ஊர்ப் பெயரை வைத்துத் திசை கண்டுபிடிப்பதற்குள் களைத்துப்போகிறோம்.

அட்டையையும் தாளையும் பற்றி ஒரு வரி: தையல் நன்றாக இருக்கிறது, வரைபடங்கள் தெளிவு, படங்கள் போதுமான அளவு.

விலை கொடுத்து வாங்கும் முன் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நல்ல செய்தி உண்டு. பழைய தொகுதிகள் பெரும்பாலானவற்றை மின்னாக்கம் செய்து 'பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி' என்ற இலவச மின்நூலகத்தில் போட்டிருக்கிறார்கள். சென்னையில் இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே படிக்கலாம். தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டுரைகளில் ஏவ்பரி (Avebury) என்பது பல இடங்களில் அபரி (Abury) என்ற எழுத்துக்கூட்டலில் இருக்கும். இரண்டையும் போட்டுத் தேடுங்கள். எழுத்துணரியின் பிழைகளும் இருக்கும், அதனால் தேடலில் வராவிட்டால் இல்லை என்று முடிவு கட்டாமல் பொருளடக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், முதலில் 45ஆம் தொகுதியில் மோட் கன்னிங்டனின் சாங்ச்சுவரிக் கட்டுரை. அது பிடித்தால் 37இல் நாப் ஹில். ஸ்டோன்ஹெஞ்ச் பற்றி ஆர்வம் உள்ளவர்களுக்கு 16ஆம் தொகுதியில் வில்லியம் லாங் எழுதிய நீண்ட கட்டுரை இருக்கிறது, அதுவரை சொல்லப்பட்டதையெல்லாம் அவர் ஒரே இடத்தில் திரட்டியிருக்கிறார். ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி பற்றி 1901 வரை வெளிவந்த எழுத்துகளுக்கு டபிள்யூ. ஜே. ஹாரிசன் தொகுத்த நூற்பட்டியல் 32ஆம் தொகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களை நிரப்பியிருக்கிறது. அதை யாரும் உட்கார்ந்து படிக்கமாட்டார்கள், ஆனால் ஆராய்ச்சி செய்கிற மாணவர்களுக்குப் பொக்கிஷம். பறவைப் பிரியர்கள் நேராக முதல் சில தொகுதிகளுக்குப் போய் ஸ்மித்தைப் படியுங்கள்.

இங்கிலாந்தில் இருப்பவர்கள் டிவைசஸ் லாங் ஸ்ட்ரீட்டில் உள்ள வில்ட்ஷயர் அருங்காட்சியகத்துக்கே போகலாம். சங்கம் நடத்துவதுதான் அதுவும். புஷ் பேரோ தங்கம் அங்கே காட்சிக்கு இருக்கிறது. உள்ளே இருக்கும் நூலகத்தில் தொகுதிகள் வரிசையாக நிற்கும், முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவது நல்லது. உதவி செய்கிறவர்கள் பெரும்பாலும் வயதான தன்னார்வலர்கள். ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், தொகுதி எண்ணைச் சொல்லி எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால் இதழ் ஆண்டுதோறும் வீட்டுக்கே வரும், அருங்காட்சியக நுழைவுக்குத் தனியாகக் கட்டணம் கட்டவேண்டியதில்லை.